டம்ளர் இங்கே பிறந்ததல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஃபில்டர் காபி கட்டுரை, டிகாக்‌ஷன் இறக்கும் பக்குவம்வரை அருமை. ஆனால் டம்ளர் என்பது நம் ஊர்ச் சொல், வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து எடுத்துப் போனார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அது சரியில்லை.

அது ஆங்கிலச் சொல்தான். டம்பிள் என்றால் உருளுவது, குப்புற விழுவது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலவினைக்கு ஆடுவது என்று பொருள். ஏரோது அரசன் முன்னால் ஏரோதியாளின் மகள் ஆடினாளே, மாற்கு சுவிசேஷத்தின் அந்த இடத்தைப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் இந்த வினையைத்தான் போட்டார்கள். அப்புறம் குட்டிக்கரணம் போடும் வித்தைக்காரனுக்கு டம்ளர் என்று பெயர் வந்தது. கரணம் அடிக்கும் புறாவுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்.

பாத்திரத்துக்கு அந்தப் பெயர் வந்தது 17ஆம் நூற்றாண்டில். அன்றைய டம்ளருக்கு அடி தட்டையாக இருக்காது. உருண்டையாகவோ கூம்பாகவோ இருக்கும். கீழே வைத்தால் சாய்ந்து கொட்டிவிடும். அதனால் கையில் வாங்கியதை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் வைக்க முடியும். குடிக்கிறவனுக்கு இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்! வெள்ளியில் செய்தவை வேறு ரகம். அடிப்பக்கத்தைக் கனமாக அடித்திருப்பார்கள். தட்டிவிட்டால் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி ஆடி ஆடி நிமிர்ந்துவிடும். சாய்வதால் வந்த பெயர் என்பதுதான் அகராதிகள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். இந்த வெள்ளி டம்ளர்களை நினைத்தால், நிமிர்வதற்கும் அதில் பங்கு இருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

பிற்பாடு அடி தட்டையானது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம் காபி டம்ளரில் பெருமைப்பட வேண்டியது பெயர் அல்ல, வெளியே மடித்துவிட்ட அந்த விளிம்பு. வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள அவ்வளவு வாகு.

நம்மிடமிருந்து போன பாத்திரச் சொல்தான் வேண்டும் என்றால் சட்டி இருக்கிறது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் மண்பானையைச் ‘சாட்டி’ என்றே சொல்லிவந்தார்கள். 1886இல் வெளியான ஹாப்சன் ஜாப்சன் அகராதி அதைத் தென்னிந்தியச் சொல் என்று பதிவுசெய்கிறது. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சட்டியைக் கண்ணால் பார்த்து எழுதியிருப்பார்.

உங்கள் இதழைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்