விரலுக்கேற்ற பேனாக்கத்தி

சந்தூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதை எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே இந்த வருஷம் மாம்பூ நன்றாகப் பிடித்தும் காற்றில் பாதிப் பிஞ்சு கொட்டிவிட்டது. மிச்சமிருக்கும் பெங்களூராவைக் கூழ் கம்பெனிக்காரர்கள் கேட்கிற விலைக்குத்தான் தள்ள வேண்டும். அதைப் பேச ஆரம்பித்தால் தாள் போதாது. எந்தக் கத்தி வாங்கலாம் என்று நீ கேட்டதற்கு வருகிறேன்.

கட்டைவிரல் அடிமூட்டில் வலி, தீவனம் வெட்டும் மெஷினில் போன ஆள்காட்டி விரல் நுனி, இத்தனைக்கும் மடியில் மடக்குக் கத்தி இல்லாமல் தோட்டத்துக்குப் போக மனசு வரவில்லை என்கிறாய். ஒட்டுக் கட்டியே தேய்ந்த கை என்னுடையது, எனக்குப் புரியாதா! நம் வயசில் கத்தி வாங்கும்போது முதலில் அலகைப் பார்க்காதே. எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது என்று பார். அலகெல்லாம் அப்புறம்.

எனக்குக் கைப்பயிற்சி சொல்லித் தரும் பெண் ஒரு கணக்கு சொன்னாள். கட்டைவிரல் நுனியில் 1 கிலோ அழுத்திக் கிள்ளினால், அடிமூட்டில் 12 கிலோ வரை பாரம் இறங்குமாம். அலகில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் நகத்தை மாட்டி இழுக்கிறோமே, அதுவும் கிள்ளல்தான். சந்தையில் வாங்கும் பேனாக்கத்தியும் சரி, ஊரெல்லாம் கொண்டாடும் சிவப்பு ஸ்விஸ் கத்தி விக்டோரினாக்ஸும் சரி, முதுகில் பட்டை ஸ்பிரிங் வைத்த ஜாதி. அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பிடித்து வைப்பது அந்த ஸ்பிரிங்தான், நம் மூட்டோடு மல்லுக்கு நிற்பதும் அதுதான். ஸ்விஸ் கத்தியைக் குறை சொல்ல மாட்டேன், வேலை சுத்தம். ஆனால் கைப்பிடி வழவழவென்று ஒல்லியாக இருக்கும். ஒல்லிப் பிடியை எவ்வளவுக்கு இறுக்குகிறாயோ அவ்வளவுக்கு வலி.

ஸ்பிரிங் கத்தியே வேண்டும் என்றால் இரண்டு விஷயம் கவனி. சிலதில் கைப்பிடியின் ஓரத்தை அரைவட்டமாக வெட்டி விட்டிருப்பார்கள். நகமே வேண்டாம், இரண்டு விரலால் அலகைப் பிடித்துத் திறந்துவிடலாம். இன்னொன்று, மூடும்போது அலகு பாதி வழியில் ஒரு தடவை நிற்கிற மாதிரி இருந்தால் நல்லது. அந்த இடத்தில் விரலை ஒதுக்கிக்கொண்டு மீதியை மூடலாம். சர்க்கரையால் விரல் நுனி மரத்துப்போனது என்று எழுதியிருக்கிறாய். பட்டென்று மூடும் கத்தி உனக்கு ஆகவே ஆகாது.

ஜப்பானில் ஹிகோனோகாமி என்று ஒன்று உண்டு. ஸ்பிரிங்கும் கிடையாது, பூட்டும் கிடையாது. அலகின் அடியில் சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும், அதை அழுத்தினால் திறக்கும். திறப்பது சுலபம்தான். ஆனால் அறுத்து முடிக்கிற வரைக்கும் கட்டைவிரல் அந்த வாலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். உன் விரலுக்கு அது தண்டனை.

என் ஓட்டு ஓபினெலுக்கு. பிரான்சு நாட்டு சவோய் மலைப்பக்கத்தில் 1890 முதல் செய்கிற விவசாயிகள் கத்தி. உருண்ட மரக்கைப்பிடி, முதுகு ஸ்பிரிங் இல்லை, மரத்தின் பிடியில்தான் அலகு நிற்கும். 1955-இல் கழுத்தில் ஒரு வளையத்தைச் சேர்த்தார்கள். அதைத் திருப்பிவிட்டால் அலகு விரல்மேல் மடங்காது. வளையம் புதுசில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும். வளையத்தை விரல் நுனியால் திருகாமல் இன்னொரு கையின் உள்ளங்கையால் உருட்டிப் பார்.

மழையில் நனைந்தால் மரம் ஊதி அலகு இறுகிவிடும், அது இதன் குறை. அதற்கு அந்த ஊர்க்காரர்கள் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். வளையத்தைத் திறந்த பக்கம் வைத்துக்கொண்டு, கைப்பிடியின் பின்முனையை மேஜை விளிம்பில் நறுக்கென்று ஒரு தட்டு. அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், அப்புறம் இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் போதும். நகத்துக்கு வேலையே இல்லை. எனக்கு இதுதான் பிடித்துப்போனது.

ஓபினெலின் அளவை எண்ணால் சொல்வார்கள். எல்லோரும் 8-ஆம் எண்ணைத்தான் வாங்கச் சொல்வார்கள். அதன் அலகு 8.5 செ.மீ. எண் கூடக்கூடக் கைப்பிடியும் பருக்கும். உன் மண்வெட்டிக் கைக்கு 10-ஆம் எண்தான் நிறையும், அலகு 10 செ.மீ. துருப்பிடிக்காத எஃகு என்று கேட்டு வாங்கு. கார்பன் எஃகு சாணைக்குச் சட்டென்று இறங்கும், கூர்மைக்குக் குறையில்லை. ஆனால் நம் மாங்காய்ப் பாலும் புளிப்பும் பட்டால் அலகு கறுத்துவிடும், அதில் அறுத்த துண்டில் இரும்பு வாடை வரும். உன் வீட்டுக்காரி அதைக் குப்பையில் போட்டுவிடுவாள்.

எதை வாங்கினாலும் மழுங்க விடாதே. மழுங்கினால் அழுத்தம் கூடும், அத்தனையும் மூட்டில்தான் விழும். தெருவில் சக்கரம் சுற்றி வருகிறவரிடம் மட்டும் கொடுக்காதே. பொறி பறக்கத் தீட்டினால் மெல்லிய அலகு சூடேறிக் கெட்டுவிடும். பீங்கான் டம்ளரின் அடியில் சொரசொரப்பாக ஒரு வளையம் இருக்குமே, அதில் லேசாக நாலு இழுப்பு இழுத்தாலே தேறும்.

பெரியவன் அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து வருகிறான், வாங்கி வரச் சொல்கிறேன். அதற்குள் உன் உள்ளங்கை அகலத்தை ஸ்கேலில் அளந்து எழுது. பாலக்கோட்டில் தக்காளி கூடை என்ன விலை போகிறது? தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் அன்பு மச்சான்