ஈசிஎம் போச்சு என்பதற்கு முன் மீட்டர் என்ன சொல்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

லோடு வேன் ஸ்டார்ட் ஆகாமல் பட்டறைக்கு வந்தால், இப்போதெல்லாம் முதலில் வரும் தீர்ப்பு "ஈசிஎம் போச்சு" என்பதுதான். ஈசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. ஸ்கேனரை மாட்டுகிறார்கள், இணைப்பு கிடைப்பதில்லை, உடனே புதுசுக்கு ஆர்டர் போகிறது. குட்டியானை ஓட்டிப் பிழைப்பவருக்கு அது ஐந்திலக்கச் செலவு. மாட்டிப் பார்த்த ஈசிஎம்மைக் கடைக்காரர் திரும்ப வாங்குவதும் இல்லை. இப்படிக் கழற்றி வீசப்படுபவற்றில் நல்ல நிலையில் உள்ளவையும் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

ஈசிஎம்முக்குக் கரண்ட் போகாவிட்டாலும் ஸ்கேனரோடு பேசாது. எனவே ஸ்கேனர் மாட்டும் 16 பின் கப்ளரிலிருந்தே தொடங்க வேண்டும். 16-ஆம் பின்னில் பேட்டரி வோல்ட்டும், 4, 5 பின்களில் எர்த்தும் இருக்க வேண்டும். கேன் லைன் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் தமக்குள் பேசும் இரட்டை வயர்) உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் இடையே அளந்தால் சுமார் 60 ஓம் வரும். 120 வந்தால் லைன் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் உரசி ஒட்டியிருக்கின்றன. எலி கடித்த இடத்தைத் தேடுங்கள். இதெல்லாம் சரியென்றால், ஈசிஎம்முக்குக் கரண்ட் விடும் சுவிட்சான மெயின் ரிலேயைப் பாருங்கள். அதன் பாயின்ட் கருகியிருந்தால் சாவியை ஆன் செய்தும் ஈசிஎம்முக்கு 12 வோல்ட் போகாது.

அதிகம் ஏமாற்றுவது எர்த். அதை ஓமில் அளப்பது வீண். வயரில் ஓர் இழை மட்டும் மிச்சமிருந்தாலும் மீட்டர் நல்லதாகவே காட்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை ஈசிஎம்மின் எர்த் பின்னிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லி வோல்ட்டைப் பார்க்க வேண்டும். 0.2-ஐத் தாண்டினால் கோளாறு எர்த்தில்தான். பாடி கட்டும்போது எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் அடித்துவிடுவது இங்கே சர்வசாதாரணம். செல்ஃப் அடிக்கையில் பேட்டரியே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள்.

சென்சார்களுக்கு ஈசிஎம் 5 வோல்ட் தருகிறது. ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் அதே லைனில் இருக்கும் மற்றவையும் படுத்துவிடும். ஸ்கேனரில் சம்பந்தமில்லாத ஏழெட்டுப் பிழைக் குறியீடு (கோடு) ஒன்றாக வரும்; பார்ப்பவர் ஈசிஎம் குழம்பிவிட்டது என்று முடிவு கட்டுவார். கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அந்தச் சென்சார்தான் குற்றவாளி. சூடானதும் நின்று, ஆறியதும் ஓடும் வண்டியிலும் அவசரம் கூடாது. போர்டில் சால்டர் விரிசல் இருந்தாலும் இதே அறிகுறிதான், இன்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சார் போனாலும் இதே அறிகுறிதான். நின்ற அந்த நேரத்தில் செல்ஃப் அடித்து ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். பூஜ்யம் என்றால் முதல் சந்தேகம் சென்சார் மேலும் அதன் வயர் மேலும்தான்.

கரண்ட், எர்த் இரண்டும் சரியாக இருந்து, சென்சார் லைன் முழுவதையும் பிரித்த பிறகும் 5 வோல்ட் வரவில்லை, ஸ்கேனரும் பேசவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஏன் செத்தது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள். டைனமோ ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றியிருக்கலாம். லாரியின் 24 வோல்ட்டில் ஜம்ப் ஸ்டார்ட் செய்திருக்கலாம். வண்டி ஓடும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். வாட்டர் வாஷில் தண்ணீர் போயிருக்கலாம். நாமக்கல் பக்கம் பாடிக்கு வெல்டிங் வைக்கும்போது பேட்டரியையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றாத வழக்கம் இன்னும் இருக்கிறது. பேட்டரி மைனஸை மட்டும் கழற்றினால் போதாது, கப்ளரும் பிரிய வேண்டும்.

மாற்றும்போது பழையது கொஞ்சமாவது பேசினால் அதிலுள்ள சேசிஸ் எண், டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கோடு, சாஃப்ட்வேர் எண் எல்லாவற்றையும் படித்துச் சேமியுங்கள். டப்பா ஒரே மாதிரி இருப்பதால் மட்டும் பொருந்தாது. ஹார்டுவேர் எண்ணும் சாஃப்ட்வேர் எண்ணும் ஒத்துப்போக வேண்டும், பழைய மாசு விதிப்படி வந்த பி.எஸ்.4 வண்டிக்கு உள்ளதைப் புதிய விதியின் பி.எஸ்.6 வண்டியில் மாட்ட முடியாது. சாவியை ஆஃப் செய்து சில நிமிடம் பொறுத்து, பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றி, அதன் பின்னரே கப்ளரை எடுக்க வேண்டும். கப்ளருக்குள் பச்சை பூத்திருந்தால் புது ஈசிஎம்முக்கும் அதே கதிதான். தடித்த டெஸ்ட் லைட் முனையை உள்ளே குத்துவோரால் பின் விரிந்து, இல்லாத கோளாறு புதிதாக முளைக்கிறது. மெல்லிய ஊசி முனையால் பின்பக்கமிருந்து தொட்டாலே போதும்.

காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும்) இன்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கும் கோடை அந்தந்த சிலிண்டருக்கு ஏற்ற வேண்டும். பாஷ் நிறுவன இன்ஜெக்டரில் பெரும்பாலும் 7 எழுத்து. டெல்ஃபியில் 16 அல்லது அதற்கு மேல். இதைத் தவறவிட்டால் ஐட்லிங்கில் தட்டும், புகை வரும், பாவம் பம்ப்தான் பழி சுமக்கும். இம்மொபிலைசர் (வேறு சாவியால் ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியில் சாவியைப் புது ஈசிஎம்மோடு சேர்க்காவிட்டால் இன்ஜின் ஓடாது. சில வண்டிகளில் இரண்டு விநாடி ஓடி அணையும். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள பி.எஸ்.6 வண்டியில் புகைக்கரி அளவைப் பழையதிலிருந்து மாற்றி எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஈசிஎம் ஃபில்டர் காலி என்று நினைத்துக்கொள்ளும்; அடைப்பு முற்றியபின் சுத்திகரிப்பு தொடங்கினால் ஃபில்டரே உருகக்கூடும். புரோகிராம் ஏற்றும் நேரம் முழுக்க பேட்டரிக்கு வெளியிலிருந்து சப்ளை கொடுங்கள். பாதியில் வோல்ட் விழுந்தால் புது ஈசிஎம்மும் அங்கேயே முடிந்தது.

காயலான் கடை ஈசிஎம்மும் வேலைக்கு ஆகும், ஹார்டுவேர் எண் ஒன்றாக இருந்து, பழையதன் மெமரி முழுவதையும் அதில் நகலெடுக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால். நகலெடுக்கும் சாக்கில் 'இஜிஆர் ஆஃப்', அதாவது புகை மாசைக் குறைக்கும் அமைப்பை நிறுத்தித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

உதிரிபாகமும் பரிசோதனைக் கருவியும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்க விடவில்லை என்று 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக அமைத்த குழுவின் வரம்பிலும் வாகனங்கள் இருந்தன. ஆனால் லோடு வேனின் ஈசிஎம் பின் வரைபடத்துக்குச் சிறு பட்டறைக்காரர் இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றும் மங்கலான படத்தைத்தான் நம்பியிருக்கிறார். அந்த ஒரு தாளை நிறுவனங்கள் வண்டியோடு வரும் கையேட்டில் சேர்க்க வேண்டும். அதுவரை, ஈசிஎம் மாற்றச் சொல்லும் பட்டறையிடம் உரிமையாளர்கள் நான்கு அளவுகளை எழுதித் தரக் கேட்கலாம்: செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட், எர்த் இழப்பு, மெயின் ரிலேக்குப் பின் வோல்ட், சென்சார்களைக் கழற்றிய பின் 5 வோல்ட் லைன்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
நாமக்கல்.