அப்பாவுக்கு, புதுச் செயின் வாள் வாங்கிய செய்தி

ஒன்டாரியோ, கனடா
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, அப்பாயி, தம்பி எல்லோரும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிறு பேசும்போது தம்பி மரம் அறுக்கிற செயின் வாள் வாங்கப்போவதாகச் சொன்னான். நான் வாய் திறப்பதற்குள் லைன் விட்டுப்போயிற்று. இது போனில் அவசரமாகச் சொல்கிற விஷயமும் இல்லை. கடிதமாக எழுதினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் சத்தமாக வாசிப்பீர்கள், அவனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான்.

நானும் இங்கே புது வாள் வாங்கிவிட்டேன், அப்பா. முழுக்க என் சம்பளக் காசு.

முதலில் என் பாட்டைச் சொல்கிறேன், அம்மா அதைத்தான் கேட்பார். காலையில் ஐந்தரைக்கு எழும்புகிறேன். இருட்டுத்தான். குளிர் நம் ஊர் மார்கழிப் பனி மாதிரி இல்லை. புல் கண்ணாடித்துண்டு போல நொறுங்குகிறது. நிலவறையில் ஓர் அறையில் இருக்கிறேன், சூட்டுக்குக் குறைவில்லை. வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணம். முதல் நாளே என் பேச்சைக் கேட்டுவிட்டு, “தம்பி மலைநாடோ?” என்று கேட்டார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் எனக்கும் சேர்த்துத்தான் சோறு வைக்கிறார். அம்மா கவலைப்பட வேண்டாம்.

வேலை மரம் வெட்டுவதுதான். நாங்கள் நான்கு பேர் ஒரு வண்டியில் போகிறோம். பெரும்பாலும் செத்துப்போன ஆஷ் மரங்கள். ஆசியாவிலிருந்து வந்த ஒரு வண்டு, உடம்பெல்லாம் மரகதப் பச்சை, பார்க்க அவ்வளவு அழகு. 2002 இல் இந்த மாகாணத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள். அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்கிறது. மரத்துக்குத் தண்ணீர் ஏறும் வழி அறுந்து, சில வருடத்தில் நின்றபடியே காய்ந்துபோகிறது. தேயிலைத் தண்டைத் துளைக்கிற வண்டைக் காட்டி நீங்கள் அன்று செடியைப் பிளந்து காண்பித்தீர்களே, முதல் ஆஷ் மரத்தின் பட்டையை உரித்த அன்று எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சரி, வாளுக்கு வருகிறேன்.

நான் முதலில் வைத்திருந்தது கைமாறி வந்த பழைய வாள். ஆறு மாதத்துக்கு முன் அதன் செயின் தேய்ந்துவிட்டது. கடைக்குப் போய் “18 அங்குலச் செயின் ஒன்று” என்று கேட்டு வாங்கி வந்தேன். அறைக்கு வந்து மாட்டினால் பல்சக்கரத்தைச் சுற்றி ஏறவே இல்லை. எவ்வளவு இழுத்தும் எட்டவில்லை. பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவும் இல்லை. அன்று இரவு மிகவும் மனம் நொந்தேன். ஊருக்கு அனுப்ப எடுத்துவைத்த காசில் வாங்கியது அது.

மறுநாள் எங்கள் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். செயினுக்கு அங்குலம் பெயர் இல்லை, அப்பா. அங்குலம் பாருக்கு, அதாவது செயின் ஓடுகிற அந்த நீளத் தகட்டுக்கு. செயினுக்கு மூன்று எண்கள் இருக்கின்றன. முதலாவது பிட்ச். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பாதியாக்கினால் வருவது. 0.325 அங்குலமோ, 3/8 அங்குலமோ இருக்கும். இது எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தோடு ஒத்துப்போக வேண்டும். 3/8 இலேயே சின்ன வாள்களுக்கென்று தாழ்வான ஒரு வகையும் உண்டு. எண் ஒன்றுதானே என்று பெரிய வாளின் செயினை அதற்குப் போடக்கூடாது. இரண்டாவது கேஜ். பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் அடிப்பல்லின் தடிப்பு அது. 0.050, 0.058, 0.063 அங்குலம் என்று வரும். தடிப்பு கூடினால் பள்ளத்தில் இறங்காது, குறைந்தால் பக்கவாட்டில் ஆடும். மூன்றாவது அந்த அடிப்பற்களின் எண்ணிக்கை. என் பழைய வாளுக்கு 72 வேண்டும். நான் வாங்கிவந்ததில் 68. இரண்டுமே 18 அங்குலப் பாருக்கானவைதான்!

அந்தச் செயினை ஆணியில் மாட்டிவைத்தேன். இப்போது புது வாள் வாங்கும்போது கடைக்காரர் பாரைத் திருப்பி எண்களைக் காட்டினார்: 0.325, 0.063, 68. ஆணியில் தொங்கியதும் அதேதான். அந்தக் காசு வீணாகவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

வாள் ‘ஸ்டீல்’ (Stihl) என்கிற கம்பனியுடையது, 45 சிசி எஞ்சின். 1926 இல் தொடங்கிய ஜெர்மன் கம்பனி அது. எஞ்சினைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பல்லைத் தேர்ந்தெடுக்கத்தான் நேரம் போயிற்று. வெட்டுப்பல் இரண்டு வகை. ஒன்றின் மூலை உளி மாதிரி சதுரமாகக் கூர்ந்திருக்கும். மற்றதன் மூலை கொஞ்சம் உருண்டிருக்கும். சுத்தமான பச்சை மரத்தில் சதுர மூலைதான் வேகம். ஆனால் மண், மணல், காய்ந்த கடின மரம், உறைந்த மரம் என்று வந்தால் அந்த மூலை சீக்கிரம் போய்விடும். உருண்டது மெதுவாக வெட்டும், ஆனால் தாங்கும்.

வாளோடு சதுர மூலைச் செயின் கேட்டு வாங்கினேன். ஆணியில் இருந்தது உருண்டது. ஒரே ஆஷ் மரத்தில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். சதுரம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கிற்று. வெட்டிலிருந்து அவல் மாதிரி அகலச் செதில்கள் வந்து என் பூட்ஸை மூடின. பிறகு மரத்தின் அடிப்பக்கம் வந்தேன். பட்டையில் மண் ஒட்டியிருந்தது. மூன்றே வெட்டு. அவல் போய் மாவு வரத் தொடங்கியது. வாள் தானாக இறங்காமல் நான் அமுக்க வேண்டியதாயிற்று, புகை வந்தது. உருண்ட மூலையை மாட்டி அதே அடிமரத்தை அறுத்தேன். வேகம் குறைவுதான், ஆனால் மத்தியானம் வரை செதில் செதிலாகவே வந்தது.

செதில் வந்தால் கூர் இருக்கிறது, மாவு வந்தால் வாளை நிறுத்தி அரத்தை எடுக்க வேண்டும். தம்பிக்கு இந்த ஒன்றை மட்டும் இரண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

இந்தப் பல்லை உண்டாக்கியவர் கதையும் உங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்து மரவெட்டி, ஜோசப் காக்ஸ். 1946 இல் ஒரு கட்டையில் வண்டின் புழு ஒன்று மரத்தைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதன் இரண்டு தாடையும் இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிக்கின்றன, மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. அதைப் பார்த்துத்தான் இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வரும் செயினைச் செய்தார். இன்றைக்கும் என் வாளில் ஓடுவது அந்த வழிதான்.

அரம் போடுகிற வேலையில் எங்கள் கூட்டத்தில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அதற்குக் காரணம் நீங்கள். கவ்வாத்துக் காலத்தில் ஒவ்வொரு சாயங்காலமும் நம் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, கத்தியைத் தீட்டி, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். மழுங்கிய கத்தி கிளையைப் பிளந்துவிடும், பிளந்த இடத்தில் தண்ணீர் நின்று செடி அழுகும் என்பீர்கள். இங்கே 0.325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். 30 பாகை சாய்வில், உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில் தள்ளுகிறேன். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கப் பல் நீண்டுவிட்டால் வாள் வளைந்து போகும். கடைசியில் விரல் நகத்தில் வைத்துப் பார்க்கிறேன். அது இங்கே யாரும் செய்வதில்லை.

இனித் தம்பிக்கு. நம் மலையில் அவன் அறுக்கப்போவது டர்பன்டைன் என்கிற மரம். அது கடினம், சரிவில் உருட்டி இழுத்துக் கொண்டுவருவதால் பட்டை முழுக்க மண். ஆகவே உருண்ட மூலைதான். யார் என்ன சொன்னாலும் சதுரம் வேண்டாம். பார் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், சரிவில் நின்று தூக்க வேண்டுமே. பழைய வாளாக வாங்கினால் முதலில் பல்சக்கரத்தைப் பார்க்கட்டும். தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயின் போட்டால் செயினும் சேர்ந்து கெடும். 2017 இல் ஊரில் எல்லா வாள்களையும் பொலிஸில் பதியச் சொன்னார்களே, அதனால் பதிவுத் துண்டு இல்லாத வாளைத் தொடவே வேண்டாம். பெற்றோல் லீட்டருக்கு 20 மில்லிலீட்டர் டூ ஸ்ட்ரோக் எண்ணெய். செயினுக்கு வேறு எண்ணெய், அதற்கெனத் தனித் தொட்டி இருக்கும். அது காய்ந்தால் ஒரே நாளில் பாரும் செயினும் போகும்.

இன்னும் ஒன்று, அப்பா. பாரின் முனையில், மேல் கால்வாசி எதிலும் படக்கூடாது. பட்டால் வாள் முகத்தை நோக்கித் துள்ளும், கண் இமைக்க நேரம் இருக்காது. தோளுக்கு மேலே தூக்கி அறுக்கவே கூடாது. கீழ்ச்சரிவில் ஒருவர் நிற்கும்போது எஞ்சினை இழுக்கவே கூடாது. ஆடி மாதக் காற்றில் லயத்துக் கூரைமேல் மரம் விழுந்தால் நம் ஆட்கள் எல்லோரும் ஓடிவந்து சுற்றி நிற்பார்கள். அந்த நேரத்தில்தான் அவன் எல்லோரையும் விலக்கிவிட்டு அறுக்க வேண்டும். இங்கே நாங்கள் போடும் கால்சட்டைக்குள் நீள நார் அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருக்கிறார்கள். செயின் பட்டால் நார் இழுபட்டுச் சக்கரத்தில் சிக்கி வாள் நின்றுவிடும். அதில் ஒன்று தம்பிக்கு வாங்கிவைத்திருக்கிறேன். வீட்டுக்கார அக்காவின் தம்பி தைப்பொங்கலுக்குக் கொழும்பு வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அது வந்து சேரும்வரை அவன் வாளைத் தொடக்கூடாது. இதை நீங்கள் சொன்னால்தான் கேட்பான்.

அதே பையில் இரண்டு செயினும் அரமும் வைக்க நினைக்கிறேன். அதற்கு அவன் வாளை வாங்கியவுடன் பாரில் பொறித்திருக்கும் எண்களைப் படம் எடுத்து அனுப்பட்டும். எண் தேய்ந்திருந்தால் அடிப்பற்களை அவன் ஒரு தடவை, நீங்கள் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

அப்பாயிக்கு முழங்கால் தைலமும் அதே பையில் வரும்.

உங்கள் அன்பு மகன்