மூடிய கதவுகளைத் திறந்து காட்டியவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஃபேவர்ஷாமில் மூடப்பட்டுப்போன பப்புகளை, அதாவது ஊரார் கூடிப் பேசும் மதுக்கடைகளைத் தேடி நாங்கள் நடத்திய நடைப்பயணமும், அதையொட்டி வைத்த சிறு கண்காட்சியும் போன ஞாயிறோடு நல்லபடியாக முடிந்தன. ஊர்க்காரர்களுக்கு ஆங்கிலத்தில் நன்றி அட்டை அனுப்பியாகிவிட்டது. இந்த வேலையில் தமிழ்க் கைகளும் இருந்தன. அவர்களுக்கும், "குடிக்கிற கடைக்கா இவ்வளவு பாடு?" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்த என் அம்மாவுக்கும் சேர்த்து இதைத் தமிழில் எழுதுகிறேன்.

அம்மா, ஃபேவர்ஷாம் இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் ஒரு சந்தை ஊர். 1574-இல் சந்தைக்கென்று கட்டிய கில்ட்ஹால் என்ற ஊர் மண்டபம் இன்றும் தூண்கள்மேல் நிற்கிறது. அதன் அடியிலும் சுற்றிலும் செவ்வாய், வெள்ளி, சனிக்கிழமைகளில் கடை போடுகிறார்கள். சந்தைக்கு வந்தவர்கள் குதிரையைக் கட்டவும், பேரத்தை முடிக்கவும், சூடாக எதையாவது சாப்பிடவும் ஒதுங்கிய இடங்கள்தான் இந்தப் பப்புகள். நான் குடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எங்கள் தெருமுனைப் பப்பில் தேநீர் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அதை நடத்திய அம்மையார் கணப்பருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "இவர் புதுசு, பேச்சுக் கொடுங்கள்" என்றார். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேரை அந்த அறையில்தான் தெரியும். அந்தப் பப் இன்று இல்லை.

ஆகவே முதல் நன்றி அந்த அம்மையாருக்கு. வாடகையும் மின்கட்டணமும் ஏறிக்கொண்டே போக, கட்டடத்தின் சொந்தக்கார நிறுவனம் விற்பதென்று முடிவெடுத்தது. 2011-ஆம் ஆண்டின் உள்ளூர்மயச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: ஒரு கட்டடத்தை ஊருக்குப் பயன்படும் சொத்து என்று பதிவு செய்துவிட்டால், அது விற்பனைக்கு வரும்போது ஊரார் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கேட்கலாம். பதிவு செய்தோம், அவகாசமும் கிடைத்தது, பணம்தான் சேரவில்லை. அந்த மனுவை மூன்று முறை திருத்தி எழுதிக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு நான் பட்ட கடன் பெரிது. கடைசி இரவில் அம்மையார் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். அழவில்லை; அழுததெல்லாம் நாங்கள்தான். பப்பில் சிற்றம்பு எறிந்து விளையாடும் டார்ட்ஸ் பலகையை என் கையில் கொடுத்து, "எங்காவது மாட்டி வை" என்றார். கண்காட்சியின் வாசலில் அதைத்தான் மாட்டினோம்.

எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல இது. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகக் கணக்குப்படி, 2008-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 50,000 பப்புகள் இருந்தன. பத்தே ஆண்டில் அது 39,000 ஆகிவிட்டது.

ஆவணக் காப்பகத்தில் பழைய உரிமப் பதிவேடுகளை எடுத்துத் தந்த ஊழியர்களுக்கு நன்றி. மூடலுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று அங்கேதான் புரிந்தது. 1830-ஆம் ஆண்டின் சட்டப்படி, வரி செலுத்தும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி (அந்தக் காலத்து ஆங்கிலேயப் பணம்) கட்டினால் பீர் விற்கலாம் என்றிருந்தது. தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 1904-இல் வந்த சட்டம், தேவைக்கு மேல் இருந்த கடைகளை இழப்பீடு கொடுத்து மூட வழி செய்தது. அந்தச் சுருள் சுருளான கையெழுத்தை உருப்பெருக்கியோடு உட்கார்ந்து படித்துச் சொன்னவள் லண்டனிலிருந்து வந்த தோழி. எட்டுச் சனிக்கிழமைகள், ரயில் செலவும் அவளுடையதே.

அப்புறம், பீர் ஆலைத் தாத்தா. இந்த ஊரில் 1698-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் ஷெப்பர்ட் நீம் ஆலை இன்றும் ஓடுகிறது. காய்ச்சும் நாட்களில் தெருவெல்லாம் மால்ட் (பீருக்காக முளைகட்டிக் காயவைத்த பார்லி) மணக்கும். ஆனால் தாத்தா வேலை பார்த்தது இன்னொரு ஆலையில். அது 1990-இல் மூடப்பட்டது, இப்போது அங்கே டெஸ்கோ பேரங்காடி. எந்தப் பப்புக்கு எத்தனை பீப்பாய் இறக்கினோம் என்று அவர் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். நடைபாதையில் பதித்த மரக்கதவைக் கைத்தடியால் தட்டி, "இது நிலவறைக்குப் போகிற வழி" என்பார். சுவரில் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தாங்கியைக் காட்டி, எந்தப் படம் வரைந்த பலகை அதில் தொங்கியது என்பார். எங்கள் வரைபடத்தில் பாதிக்கு மேல் அவருடைய ஞாபகம்.

பக்கத்து ஊரில் ஒரு பழைய பப் கட்டடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கடையை வாங்கும்போது பழைய கண்ணாடியை மாற்றிவிடச் சொன்னார்களாம். பூ வேலை செய்த அந்தக் கண்ணாடியை உடைக்க மனம் வராமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். நாங்கள் படமெடுக்கப் போனபோது அலமாரியை நகர்த்தி, துடைத்து, எங்களுக்கு வடையும் தேநீரும் கொடுத்து அனுப்பினார். அண்ணா, அன்று அதிகம் பேர் நின்று பார்த்த படம் உங்கள் ஜன்னல்தான்.

ஃபேவர்ஷாம் சொசைட்டியின் தன்னார்வலர்களுக்கும் நன்றி. 1962-இல் தொடங்கிய இந்தச் சங்கம், ஃப்ளூர் டி லீ என்ற பழைய சத்திரத்தை அருங்காட்சியகமாக்கிக் காப்பாற்றி வருகிறது. 1551-இல் கொலையுண்ட இந்த ஊரின் முன்னாள் மேயர் தாமஸ் ஆர்டனைக் கொல்ல அங்கேதான் சதி தீட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பீர் ஊற்றுவது நின்றபிறகும் கதவு திறந்தே இருக்கும் கட்டடம் அது. மூடிய மற்றவற்றுக்கும் அப்படியொரு வாய்ப்பு கிடைத்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மழையிலும் நடந்து வந்தவர்களுக்கும், நாற்காலி சுமந்த பிள்ளைகளுக்கும், கூடத்தை வாடகை வாங்காமல் தந்த தேவாலயத்தாருக்கும் நன்றி.

ஒரு விஷயம். கண்காட்சிக்குப் புகைப்படங்களும், பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டைகளும் இரவல் தந்தவர்கள் கவலைப்பட வேண்டாம். எல்லாம் உறையிலிட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை சந்தை நேரத்தில் கில்ட்ஹால் தூண்களுக்குப் பக்கத்தில் நிற்பேன். தாத்தாவின் தகரப் பெட்டியை மட்டும் நானே அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்போடும் நன்றியோடும்,
நடைப்பயணக் குழுவுக்காக