விரலைப் பார்ப்பவர்கள் மார்பையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறவிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. அதில் இடம்பெறாத ‘போலண்ட் சிண்ட்ரோம்’ என்னும் அரிய குறைபாட்டைப் பற்றி, இயன்முறை சிகிச்சைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

மார்பின் ஒரு பக்கத்துப் பெருந்தசையில், நெஞ்செலும்பிலும் விலா எலும்புகளிலும் தொடங்கி மேற்கையில் வந்து சேரும் பகுதி பிறவியிலேயே இல்லாமல் போவதுதான் இதன் அடிப்படை. அடியில் உள்ள சிறுதசையும் பெரும்பாலும் இருக்காது. அதே பக்கத்துக் கையில் விரல்கள் குட்டையாகவோ தோலால் ஒட்டியோ இருக்கலாம், முலைக்காம்பு சிறுத்திருக்கலாம், சிலருக்கு விலா எலும்புகளே குறைந்திருக்கும். சுமார் 30,000 பிறப்புகளில் ஒன்று என்று மருத்துவ நூல்கள் பொதுவாகக் கணக்குச் சொன்னாலும், கை இயல்பாக இருந்து மார்பு மட்டும் தட்டையாக இருப்பவர்கள் மருத்துவரிடம் போவதே இல்லை என்பதால், உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

கைக்குழந்தையின் மார்பில் தசை துருத்திக்கொண்டு தெரிவதில்லை. ஆகவே பிறந்தவுடன் கண்ணில் படுவது விரல் மட்டுமே. விரலைப் பிரித்துத் தையல் போட்டதும் சிகிச்சை முடிந்ததாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பையன் வளர்ந்து, சக மாணவர்கள் முன்னால் சட்டையைக் கழற்றக் கூசும் வயதிலோ, பெண்ணுக்கு ஒரு பக்க மார்பகம் மட்டும் வளராமல் நின்றுவிட்டதைத் தாய் கவனிக்கும்போதோதான் மீதி தெரியவருகிறது. பெண் என்றால், பேச்சு அந்த வீட்டின் அறையைத் தாண்டுவதில்லை. ரவிக்கையில் பஞ்சு வைத்துத் தைத்துத் தரும் தையல்காரப் பெண்மணிக்குத் தெரிந்திருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவதில்லை.

மார்பும் கையும் ஒரே கதையின் இரு பாதிகள் என்பதைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகுக்கே நீண்ட காலம் பிடித்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்த ஆல்ஃபிரட் போலண்ட், கைதி ஒருவரின் உடலை அறுத்து ஆராய்ந்தபோது கண்ட தசைக் குறைவை 1841இல் எழுதினார். அதே மருத்துவமனையின் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் பேட்ரிக் கிளார்க்சன், மார்பிலும் கையிலும் அதே போன்ற குறைபாடு கொண்ட ஒருவருக்குச் சிகிச்சை அளித்து, போலண்டின் பெயரை இதற்குச் சூட்டியது 1962இல்தான்.

காரணம் இன்றும் முழுமையாக நிறுவப்படவில்லை. கரு உருவாகி ஏறத்தாழ ஆறாவது வாரத்தில், காரை எலும்புக்கு அடியில் செல்லும் தமனியிலோ அதன் கிளைகளிலோ இரத்த ஓட்டம் தடைபடுவதே காரணம் என்னும் கருத்துப் பரவலாக ஏற்கப்படுகிறது. பெரும்பாலும் குடும்பத்தில் வேறு எவருக்கும் இருப்பதில்லை. தான் கருவுற்றிருப்பதே பல பெண்களுக்கு உறுதியாகத் தெரியாத வாரம் அது. அப்படியிருக்க, கிரகணத்தன்று வெளியே வந்தாள், அரிவாள்மனையைத் தொட்டாள் என்று அந்தத் தாயை ஆயுள் முழுக்கக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எவ்வளவு பெரிய அநியாயம்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இல்லாத தசையை எந்த எண்ணெயும் எந்த டம்பெல்லும் வளர்க்காது. அப்படி வாக்களித்துப் பணம் வாங்குபவர்களை நம்ப வேண்டாம். ஆனால் தோளிலும் முதுகிலும் உள்ள மற்றத் தசைகள் வேலையைப் பெருமளவு பகிர்ந்துகொள்ளும். இதே குறைபாடு உள்ள பிரான்ஸ் குத்துச்சண்டை வீரர் ஜெரோம் தோமா, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலமும் 2004 ஏதென்ஸில் வெள்ளியும் வென்றார். எனவே பிள்ளையை விளையாட்டிலிருந்து விலக்கி வைக்கத் தேவையில்லை. ஒட்டிய விரல்களைச் சிறு வயதிலேயே பிரிப்பதும், மார்புச் சீரமைப்பைப் பெரும்பாலும் வளர்ச்சி முடியும்வரை தள்ளிவைப்பதும் வழக்கம். முதுகின் அகன்ற தசையைத் திருப்பி முன்னால் கொண்டுவருவது சீரமைப்பு முறைகளில் ஒன்று. சிலருக்கு அந்தத் தசையும் குறைந்திருக்கும் என்பதால் முன்கூட்டியே ஸ்கேன் பார்ப்பது நல்லது. இடப்பக்கம் பாதிக்கப்பட்டு விலா எலும்புகளும் இல்லாதவர்களில் சிலருக்கு இதயம் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். விரலோடு நிறுத்தாமல் மார்பைப் பார்க்கச் சொல்வதற்கு இதுவே வலுவான காரணம்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றன. அதன் பிறவிக் குறைபாட்டுப் பட்டியலில் உள்ள ஒன்பதில் வளைபாதம் உண்டு. கை விரல் குறைபாடு இல்லை. பட்டியலைத் திருத்தக் காலமாகலாம். அதுவரை, ஒரு கையில் மட்டும் விரல்கள் குட்டையாகவோ ஒட்டியோ இருக்கும் குழந்தையின் சட்டையைக் கழற்றி இரு பக்க மார்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஐயம் இருந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும்படி ஒரு சுற்றறிக்கை போதும். வளரிளம் பெண்களை இதற்காகப் பரிசோதிப்பது தனியறையில், பெண் மருத்துவரால், பெண்ணின் ஒப்புதலோடு மட்டுமே நடக்க வேண்டும்.

சிகிச்சைக்கு நம் மாநிலத்தில் வழியில்லாமல் இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைத் துறை நாடறிந்தது. அங்கே 2018இல் மார்பகச் சீரமைப்பை இலவசமாகச் செய்ய முன்வந்தபோது, அழகுக்காக அரசுப் பணமா என்று சிலர் கேட்டார்கள். பிறவியில் இல்லாத தசைக்கும் விலா எலும்புக்கும் செய்யும் சீரமைப்பை அழகுக்கலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதை அரசு மட்டுமன்றி, தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் தங்கள் விதிகளில் வெளிப்படையாக எழுத வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை சிகிச்சையாளர்,
மதுரை.