ஆய்வுக்கு எடுக்கும் பால்: கலக்கிய பிறகே மொள்ளுங்கள்

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். 2011 ஆகஸ்ட் 5-இல் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1954-ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டம் விலகியது. அதோடு, பழைய சட்டப்படி உணவு மாதிரி எடுத்துவந்த சானிட்டரி இன்ஸ்பெக்டர்களின் கைப்பழக்கமும் போய்விடக் கூடாது. புதிய அலுவலர்களின் பயிற்சியில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

பாலையே எடுத்துக்கொள்வோம். பாலின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியான லாக்டோமீட்டர் நல்ல பாலில் 28-க்கும் 32-க்கும் நடுவே நிற்கும். தண்ணீர் சேர்ந்தால் அளவு இறங்கும். இது பால்காரருக்கும் தெரியும். ஆடையை எடுத்துவிட்டால் பாலின் அடர்த்தி கூடும்; பிறகு பதமாகத் தண்ணீர் விட்டால் மீட்டர் நல்ல பால் என்றே காட்டும். கறந்த சூடு ஆறாவிட்டாலோ, நல்ல பாலும் குறைத்துக் காட்டும், பாவம் நேர்மையானவர் மாட்டிக்கொள்வார். மீட்டரை வைத்துச் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் கொழுப்பை அளந்த பிறகே முடிவு.

அங்கே போகும் மாதிரியில்தான் வழக்கு நிற்பதும் விழுவதும். கொழுப்பு மேலே மிதக்கும். கலக்காமல் மேலாக மொண்டால் மோசமான பாலும் தேறிவிடும்; அடியில் எடுத்தால் நல்ல பாலும் தவறிவிடும். கேனின் அடிவரை கரண்டி போக வேண்டும். இரண்டு மூன்று முறை பாத்திரம் மாற்றி ஊற்றினால் இன்னும் நல்லது. பாட்டில் ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணீர் நாம் சேர்த்தது ஆகிவிடும். மாதிரி கெடாமலிருக்கச் சேர்க்கும் ஃபார்மலின், பழைய விதிப்படி 25 மில்லி பாலுக்கு 2 சொட்டு. 220 மில்லி பாட்டிலுக்கு 18 சொட்டு எண்ணி விட்டு, மூடிக் குலுக்குவார்கள். விட மறந்தால் ஆய்வுக்கூடம் சேரும் முன்பே பால் திரிந்துவிடும். அன்று மாதிரியை மூன்றாகப் பிரித்தார்கள், இன்று நான்காக. எத்தனை பங்கானாலும் கலக்காத பாலைப் பிரித்தால் ஒரு பங்கு மற்றதைப் போல இருக்காது. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும்.

இன்னொரு கைப்பழக்கம்: ஓட்டல்களில் பித்தளைப் பாத்திரத்தின் உட்புற ஈயப்பூச்சைத் தடவிப் பார்ப்பார்கள். பூச்சு தேய்ந்த இடத்தில் புளியும் மோரும் பட்டால் பச்சைக் களிம்பு ஏறும். எவர்சில்வர் வந்ததும் இந்தச் சோதனை மறைந்தது. கல்யாண சமையல் அண்டாக்களுக்கு இன்றும் தேவை.

பயிற்சிக்கு வருபவர்கள் ஒரே கேனிலிருந்து கலக்காமல் ஒரு பாட்டிலும் கலக்கி ஒரு பாட்டிலும் எடுக்கட்டும். இரண்டின் கொழுப்பு அறிக்கையையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்கள்