எல்லையை மூடும் ஆணையில் காரணமும் தேதியும் இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருந்தொற்றுக் காலப் பயணத் தடை பற்றிய விவாதங்களில் அதிகம் பேசப்படாத விதி ஒன்று உண்டு: நோய்கள் நாடு விட்டு நாடு பரவுவதைத் தடுக்க உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின் 43-ஆவது பிரிவு. உலக சுகாதார அமைப்பின் பரிந்துரையை மீறி ஒரு நாடு பயணிகளை 24 மணி நேரத்துக்கு மேல் தடுத்தால், சுகாதாரக் காரணத்தை 48 மணி நேரத்துக்குள் அந்த அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் தடையை மறுபரிசீலனை செய்யவும் வேண்டும். செய்யாவிட்டால் தண்டனை கிடையாது.

கோவிட் கிருமியின் ஒமைக்ரான் திரிபை நினைத்துப் பாருங்கள். 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா புதிய திரிபை ஒளிக்காமல் அறிவித்தது. பிரிட்டன் உடனே கதவை அடைத்தது. அமெரிக்கா நவம்பர் 29 முதல் 8 ஆப்பிரிக்க நாடுகளுக்குத் தடை போட்டது. தன் குடிமக்கள், நிரந்தரக் குடியிருப்பாளர்கள் உள்ளிட்ட சிலருக்கு மட்டும் விலக்கு. ஒரே விமானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டிய இருவரில் ஒருவர் வரலாம், மற்றவர் வரக்கூடாது! நெதர்லாந்தில் நவம்பர் 19-இல் எடுத்த மாதிரியிலேயே அத்திரிபு இருந்தது பின்னர் தெரியவந்தது. விமானங்கள் நின்றதால், அதைக் கண்டுபிடித்த தென்னாப்பிரிக்க ஆய்வகங்களுக்கே வேதிப்பொருள் வருவது சிக்கலானது. உண்மையைச் சொன்னதற்கு இதுவா பரிசு? அடுத்த முறை எந்த நாடு முந்திக்கொண்டு சொல்லும்?

இந்த ஒழுங்குவிதிகளில் 2024-இல் ஏற்கப்பட்ட திருத்தங்கள் 2025 செப்டம்பர் 19 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி அமையும், உறுப்பு நாடுகளின் செயலாக்கக் குழுவுக்கும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை.

எனவே நாடுகளே தங்கள் சட்டத்தில் எழுதிக்கொள்ளட்டும்: தடை ஆணையிலேயே முடிவுத் தேதியும் அறிவியல் காரணமும் இருக்க வேண்டும், மருந்து, ஆய்வகப் பொருள் ஏற்றிவரும் சரக்கு விமானங்களுக்கு முதல் நாளிலிருந்தே விலக்கு வேண்டும்.

— பொதுச் சுகாதாரக் கொள்கை ஆய்வாளர், சென்னை